அம்மாவின் ஈ.பி.எப். பணம்: எந்தப் பெயரை முதலில் திருத்துவது?

தங்கச்சி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். உங்கள் அம்மா மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 1986இலிருந்து கொழுந்து எடுத்தவர். 60 வயதில் பேர் வெட்டி ஓய்வு பெற்றார். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) பணத்துக்குப் போட்ட விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. "பெயர் பொருந்தவில்லை, கம்ப்யூட்டர் எடுக்கவில்லை" என்கிறார்கள். தோட்டக் காரியாலயத்தில் ஐ.சி.யை, அதாவது அடையாள அட்டையை, மாற்றச் சொல்கிறார்கள். பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழைத் திருத்தச் சொல்கிறார்கள். டவுனில் ஒருவர், காசு கொடுத்தால் தானே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். நீங்கள் கொழும்பில் வேலை செய்வதால் ஒவ்வொரு தடவையும் லீவு போட்டு வர வழியில்லை. இந்தக் காலத்திலும் ஏன் இப்படிப் பழைய சிஸ்டத்தை வைத்துக்கொண்டு ஆளை அலைக்கழிக்கிறார்கள் என்பது நீங்கள் எழுதிய கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது, உங்களுக்கு அவசரமாகப் பதில் வேண்டியதும் அதற்குத்தான்: மூன்று காகிதத்தில் மூன்று பெயர் இருக்கிறதே, எதை முதலில் தொடுவது?

குறுகிய பதில்: ஐ.சி.யைத் தொடாதீர்கள், பிறப்புச் சான்றிதழையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். ஈ.பி.எப். பதிவில் இருக்கிற பெயரை ஐ.சி.யில் இருக்கிற பெயருக்குக் கொண்டுவாருங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் மிச்சம் எல்லாம். நான் வேலைக்காலம் முழுக்கத் தோட்டக் காரியாலயத்தில் செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயரும் சம்பளமும் பதிகிற புத்தகம், எழுதியவன். ஓய்வுக்குப் பிறகு ஒரு தொழிற்சங்கக் காரியாலயத்தில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். அதனால் இந்தச் சிக்கலை மேசையின் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன். சட்டத்தரணி இல்லை. உங்கள் அம்மாவின் காகிதங்களை நேரில் பார்க்கவும் இல்லை. அந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பெயர் எங்கே பிசகியது என்பதிலிருந்து தொடங்குவோம். ஒரு பிள்ளை வேலைக்குப் பேர் பதிய வரும்போது கணக்கப்பிள்ளையோ பெரிய கிளாக்கரோ "உன் பேரு என்னம்மா" என்று கேட்பார். பிள்ளை தமிழில் சொல்லும். எழுதுவது ஆங்கிலத்தில். மாரியாயி என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள், அதை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதலாம், எதுவும் பிழை இல்லை. அந்தப் பெயர் செக்ரோலில் ஏறும். செக்ரோல் மாதா மாதம் புதிதாக எழுதப்படுவது. போன மாதப் புத்தகத்தைப் பார்த்து இந்த மாதப் பெயர்ப்பட்டியலைக் கையால் எழுத வேண்டும். ஒரு டிவிஷனில் நானூறு ஐந்நூறு பேர் இருந்தால், மாதக் கடைசியில் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுகிறவன் ஓர் எழுத்தை விட்டால் அது அடுத்த மாதப் புத்தகத்துக்கும் போகும். கிளாக்கர் மாறினால் அவர் தனக்குப் பழக்கமான எழுத்தில் எழுதுவார். யாருக்கும் அதனால் குறையில்லை, ஏனென்றால் சம்பள நாளில் பெயரைப் பார்த்தா காசு கொடுத்தோம்? செக்ரோல் நம்பரைக் கூப்பிடுவோம், முகத்தைப் பார்ப்போம், கைரேகையை வைக்கச் சொல்வோம். பெயர் என்பது புத்தகத்தில் ஓர் அடையாளக் குறி மட்டும்தான். அதே பெயர் செக்ரோலிலிருந்து, ஈ.பி.எப்.பில் ஆளைப் பதிகிற பி கார்டுக்கும், மாதாந்தம் பணம் கட்டுகிற சி படிவத்துக்கும், அங்கிருந்து கொழும்புக்கும் போனது. அங்கே முகம் பார்க்க ஆளில்லை.

இது ஒரு வழி. ஐ.சி. வந்தது முற்றிலும் வேறு வழியில். அடையாள அட்டை 1972இலிருந்து கொடுக்கப்படுகிறது, ஆனால் அது இலங்கைப் பிரஜைக்குத்தான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான நம்மவர்களுக்கு, அதாவது மலையகத் தமிழருக்கு, 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், பிறகு 1974 ஒப்பந்தம், 1988 சட்டம், 2003 சட்டம் என்று துண்டு துண்டாகத்தான் பிரஜாவுரிமை வந்து சேர்ந்தது. ஆகவே உங்கள் அம்மா வயதுக்காரர்கள் பலர் வேலைக்குப் பேர் பதிந்தபோது கையில் ஐ.சி. இல்லை. பிறகு எடுத்தபோது, மலையகத்தில் கொடுத்த பழைய அட்டைகளில் விபரம் சிங்களத்தில் மட்டும் இருக்கும். வடக்கு கிழக்குக்கு வெளியே தமிழும் சேர்ந்த அட்டை வரத் தொடங்கியது 2014இல்தான். ஆக, அம்மா தமிழில் சொன்ன ஒரு பெயர் தோட்டத்தில் ஆங்கிலமாகவும் அட்டையில் சிங்களமாகவும் தனித்தனியே போய்க் குந்தியிருக்கிறது. இரண்டையும் எழுதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. பிறப்புச் சான்றிதழ் மூன்றாவது வழி. தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் தோட்ட நிர்வாகம் அறிவித்துப் பதிவது வழக்கம். சில பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு நடந்து, பெயர்க் கட்டம் வெறுமையாகவே கிடக்கும்.

இனி கம்ப்யூட்டருக்கு வருகிறேன். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடங்கள் இப்போது சேமலாப நிதிப் பட்டியலை மின்னணுக் கோப்பாகத்தான் அனுப்ப வேண்டும். அந்தக் கோப்பில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி. அதில் அடையாள அட்டை இலக்கம், குடும்பப் பெயர், முதலெழுத்துகள், அங்கத்துவ இலக்கம், சம்பளம், இரு தரப்புப் பங்கு என்று கட்டங்கள் வரும். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் போட்ட மனிதர் நம் லயத்துப் பக்கம் வந்திருக்க மாட்டார். நம்மிடம் இருப்பது அப்பன் பெயரும் சொந்தப் பெயரும்தான். முனியாண்டி மகள் மாரியாயிக்குக் குடும்பப் பெயர் எது? ஒரு கிளாக்கர் மாரியாயி என்பதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு முனியாண்டியை முதலெழுத்தாக்குவார். இன்னொரு தோட்டத்தில் முனியாண்டி குடும்பப் பெயராகிவிடும், மாரியாயி ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிடுவார். கல்யாணமான பெண்ணுக்குப் புருஷன் பெயரை முன்னால் போட்டவர்களும் உண்டு. ஐ.சி.யில் முழுப்பெயராக "முனியாண்டி மாரியாயி" என்று இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். மெஷினுக்கு அது ஆள் வேறு.

அட்டை இலக்கத்திலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பழைய இலக்கம் ஒன்பது இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும். 2016இலிருந்து புதிய அட்டைகளுக்கு 12 இலக்கம். பழைய இலக்கத்தில் முதல் இரண்டும் புதியதில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டியிருக்கும். இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி: அந்த நாள் கணக்கில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே வைத்து எண்ணுகிறார்கள். 1963 மார்ச் 1ஆம் தேதி பிறந்த பெண்ணின் பழைய இலக்கம் 63561 என்று தொடங்கும். 1963இல் பெப்ரவரிக்கு 28 நாள்தான். இது தெரியாமல் எழுதிய ஒரு கணக்கு நிரலில் அந்த இலக்கத்தைப் போட்டால் மார்ச் 2 என்று காட்டும். ஐ.சி. இலக்கத்திலிருந்து பிறந்த திகதியைத் தானாக எடுக்கிற மென்பொருள் எங்காவது இடையில் இருந்தால், அட்டையில் ஒரு தேதி, கோப்பில் அடுத்த தேதி. "பிறந்த தேதியும் பிழை" என்று யாராவது சொன்னால் பதறிப்போய்ப் பிறப்புச் சான்றிதழ் திருத்த ஓடுவதற்கு முன், வித்தியாசம் சரியாக ஒரு நாளா, பிறப்பு பெப்ரவரிக்குப் பிந்தியதா என்று பாருங்கள். அப்படியென்றால் பிழை காகிதத்தில் இல்லை.

அதற்காகக் கந்தோர்க்காரர்கள் வேண்டுமென்றே வதைக்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே தோட்டத்தில் மாரியாயிகள் பத்துப் பேர் இருப்பார்கள், அவர்களில் இரண்டு பேருக்கு அப்பன் பெயரும் ஒன்றாக இருக்கும். ஒருவர் பணத்தை இன்னொருவர் எடுத்துப் போனால் திருப்பி வாங்குவது நடக்காத காரியம். பெயரைப் பொருத்திப் பார்ப்பது உங்கள் அம்மாவின் காசுக்கும் காவல்தான். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். பொருந்தவில்லை என்று தெரிந்தால் எந்த எழுத்து, எந்தக் கட்டம், எதோடு எது பொருந்தவில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கலாமே. "சிஸ்டம் எடுக்கவில்லை" என்று சொல்லி அனுப்பினால், அந்த ஒரு வரிக்காக ஒரு வயதான மனுஷி ஒரு நாள் பஸ் ஏறி வர வேண்டும். போகிற நாளில் லைன் இல்லை, கரண்ட் இல்லை, பிரிண்டரில் மை இல்லை. ஸ்கேன் செய்து ஈமெயில் அனுப்பலாமா என்று கேட்டால் பேக்ஸ் அனுப்பச் சொல்கிற இடம் இன்னும் உண்டு. பேக்ஸ் மெஷின் உள்ள கடையைத் தேடி டவுன் முழுக்க நடக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை, திருப்பி அனுப்பிய காரணத்தை எழுத்தில் வாங்குவது. வாய்ச்சொல்லை வைத்து எந்தக் காகிதத்தையும் திருத்தப் போகாதீர்கள். திரும்பி வந்த விண்ணப்பத்தோடு ஒரு கடிதமோ குறிப்போ இருக்கும், அதை யாரும் சரியாக வாசித்திருக்க மாட்டார்கள். சிங்களத்தில் இருந்தால் தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தமிழ் 1987இலிருந்து அரசகரும மொழி, அரச அலுவலகத்தோடு தமிழில் எழுதிப் பதில் பெறுவது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. கவுண்டரில் இதைச் சொல்லிச் சண்டை போடுவதில் பிரயோசனம் இல்லை. கடிதத்தின் முதல் வரியில் "பதிலைத் தமிழில் தரவும்" என்று எழுதிவிட்டால் போதும்.

இரண்டாவது, ஈ.பி.எப். பதிவில் அம்மாவின் பெயர் உண்மையில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. இதைச் செய்யாமல் தொடங்குகிறவர்கள்தான் வருஷக்கணக்கில் இழுபடுகிறார்கள். நிதியின் நிர்வாகம் தொழில் திணைக்களத்திடமும், பணமும் கணக்கும் மத்திய வங்கியிடமும் இருக்கின்றன. மத்திய வங்கி அங்கத்தவர்களின் கணக்குக் கூற்றுகளைத் தொழில்தருநர் மூலம் அனுப்புவது வழக்கம். அவை தோட்டக் காரியாலயத்தில் கட்டாகக் கட்டி அலுமாரிக்கு மேல் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவை அனுப்பி, மரியாதையாகக் கேட்டு, பழைய கூற்று ஒன்றாவது கிடைக்கிறதா என்று பாருங்கள். அதில் பெயர், அங்கத்துவ இலக்கம், தொழில்தருநர் இலக்கம் மூன்றும் இருக்கும். அது கையில் கிடைத்ததும் ஒரு தாளை எடுத்து ஐ.சி., ஈ.பி.எப்., வங்கிப் புத்தகம், விவாகச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து, ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். பிசகு எங்கே என்று அந்தத் தாளே காட்டிவிடும்.

இனி திருத்தம். ஐ.சி.யை ஏன் தொட வேண்டாம் என்கிறேன் என்றால், உங்கள் அம்மாவின் வங்கிக் கணக்கு, வாக்காளர் இடாப்பு, அஸ்வெசும உதவிப் பணம் எல்லாம் அந்தப் பெயரிலும் இலக்கத்திலும் நிற்கின்றன. அதை மாற்றினால் புதிதாக ஒரு பெயர் பிறக்கும், மற்ற எல்லாவற்றோடும் அது பொருந்தாமல் போகும். ஒரு பக்கம் ஒழுகுகிறதென்று தகரத்தை இழுத்து மூடினால் லயத்துக் கூரையில் மறுபக்கம் ஒழுகுமே, அந்தக் கதைதான். ஈ.பி.எப். பதிவைத் திருத்துவது அவ்வளவு பெரிய காரியம் இல்லை. அதற்குத் தொழில்தருநரின் கடிதம் தேவை. தோட்டக் காரியாலயம் தனது கடிதத்தாளில், இந்தச் செக்ரோல் இலக்கத்தில், இந்த அங்கத்துவ இலக்கத்தில், இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை வேலை செய்தவர் இந்த அடையாள அட்டை இலக்கத்தை உடையவர்தான், பதிவில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று எழுதித் துரை (தோட்ட மனேஜர்) கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தித் தர வேண்டும். "இதே பெயரில், இதே அங்கத்துவ இலக்கத்தில் வேறு தொழிலாளி இல்லை" என்ற வசனத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். நான் கண்டவரை, கோப்பைப் பார்க்கிற உத்தியோகத்தரின் சந்தேகத்தைத் தீர்ப்பது அந்த வசனம்தான்.

அதோடு சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி, கிராம சேவகரின் உறுதிக் கடிதம், ஐ.சி.யின் உறுதிப்படுத்திய பிரதி. இவற்றில் எது கட்டாயம், எது மேலதிகம் என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறுகிறது. ஒன்றில் சத்தியக் கடதாசியே போதும் என்பார்கள், இன்னொன்றில் கிராம சேவகர் கடிதத்தில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் கேட்பார்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்து வைத்துக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும். சத்தியக் கடதாசியில் எல்லாப் பெயர் வடிவங்களையும் எழுத வேண்டும். இரண்டை மட்டும் எழுதி மூன்றாவதை விட்டால் அந்த மூன்றாவது பிறகு முளைக்கும். நான் செக்ரோல் எழுதியவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன்: இந்தக் கடிதத்தைத் தோட்டக் கிளாக்கரிடம் வாயால் கேட்டால் தள்ளிப்போகும். வேண்டிய வசனங்களை நீங்களே ஆங்கிலத்தில் டைப் செய்து கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் பார்த்து, கடிதத்தாளில் ஏற்றிக் கையெழுத்துக்கு வைப்பார்.

பிறப்புச் சான்றிதழை எப்போது திருத்த வேண்டும் என்று கேட்டால், பிறந்த ஆண்டிலேயே பெரிய வித்தியாசம் இருந்து, அதைக் காரணமாக எழுத்தில் காட்டினால் மட்டும். பெயர் வெறுமையாக இருந்தால் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பித்துச் சேர்க்கலாம். பதிவே இல்லாதவர்களுக்குக் காலங்கடந்த பதிவும் உத்தேச வயதுச் சான்றிதழும் இருக்கின்றன. 1960க்குப் பிந்திய பதிவுகள் கணினியில் ஏற்றப்பட்டிருப்பதால், பிரதியை எடுக்கப் பிறந்த ஊருக்கே போக வேண்டும் என்பதில்லை, வேறு பிரதேச செயலகத்திலும் கிடைக்கும். 60 வயதான ஒருவர் வேலை விட்டு ஈ.பி.எப். எடுக்க வயது ஒரு தடையே இல்லை. பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 ஆனாலே போதும். ஆகவே ஒன்றிரண்டு வருஷ வித்தியாசத்துக்காக இந்த நீண்ட வழியில் இறங்குவது வீண் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு கதவையும் தட்டிப் பாருங்கள். அம்மா 1986இல் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். அப்போது பெருந்தோட்டங்களில் பெரும்பாலானவை ஜனவசம, அரச பெருந்தோட்ட யாக்கம் என்ற இரண்டு அரச நிறுவனங்களில் ஒன்றிடம் இருந்தன. 1992இல் அவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டன. தொழில்தருநர் மாறும்போது தொழில்தருநர் இலக்கமும் அங்கத்துவ இலக்கமும் மாறியிருந்தால், முதல் ஆறு வருஷப் பணம் வேறொரு கணக்கில், வேறொரு எழுத்துக்கூட்டலில் கிடக்கலாம். விண்ணப்பத்தில் ஒரு இலக்கத்தை மட்டும் போட்டால் அது மட்டும்தான் வரும். அம்மா இடையில் வேறு தோட்டத்துக்குப் போய் வந்திருந்தாலும் இதே நிலைமை. சில தோட்டங்களில் தொழிலாளர் ஈ.பி.எப். இல்லாமல் ஈ.எஸ்.பி.எஸ். என்கிற தோட்டத்துறைச் சேமலாப நிதியில் சேர்க்கப்பட்டிருப்பார்கள். அப்படி ஒரு காலம் இருந்திருந்தால் அதற்கு விண்ணப்பம் வேறு, இடமும் வேறு. பழைய சம்பளத் துண்டு, பி கார்ட், தகரப் பெட்டிக்குள் மடித்து வைத்த எந்தக் காகிதமானாலும் எடுத்துப் பாருங்கள். நம் அம்மாமார் காகிதத்தை எறியமாட்டார்கள்.

அந்த டவுன் ஆளைப் பற்றி. ஈ.பி.எப். பணத்துக்கு விண்ணப்பிக்கிற கே படிவத்துக்குக் காசில்லை, அதை ஏற்பதற்கும் கட்டணம் இல்லை. அவர் செய்யப்போவதும் நான் மேலே சொன்ன கடிதங்களைச் சேர்ப்பதுதான். அலைய ஆளில்லாத குடும்பத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்து ஒரு சின்னத் தொகை வாங்குவதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். ஆனால் பணத்தில் ஒரு பங்கு கேட்டாலோ, வங்கிப் புத்தகத்தையோ ஏ.டி.எம். அட்டையையோ கையில் வைத்துக்கொள்வேன் என்றாலோ, வெறும் தாளில் அம்மாவின் கைரேகை கேட்டாலோ அந்த ஆளை விட்டுவிடுங்கள். வங்கிக் கணக்கு அம்மாவின் தனிப் பெயரில், ஐ.சி.யில் உள்ள அதே பெயரில் இருக்கட்டும். வருஷக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்காக இருந்தால் முதலில் கொஞ்சம் காசைப் போட்டு உயிர்கொடுங்கள், இல்லாவிட்டால் வருகிற பணம் வங்கி வாசலோடு திரும்பும். விரல் ரேகை பற்றியும் ஒரு வார்த்தை: முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிய விரலில் ரேகை தேய்ந்துதான் இருக்கும். போகிறதற்கு முதல் சில நாட்களுக்கு ராவில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டால் ஓரளவு தெளிவாக விழுகிறது. இது என் அனுபவத்தில் கண்டது, விஞ்ஞானம் என்று சொல்லவரவில்லை.

எல்லாம் கொடுத்தும் பதில் வராவிட்டால் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3இலிருந்து நடைமுறையில் உள்ளது. அம்மாவின் பெயரில், அம்மாவின் கையெழுத்தோடு, சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழில் ஒரு கடிதம். கேட்க வேண்டியது முறைப்பாடு இல்லை, தகவல்: என் கணக்கில் பதியப்பட்டுள்ள முழுப்பெயர் என்ன, பிறந்த திகதி என்ன, அடையாள அட்டை இலக்கம் என்ன, என் விண்ணப்பம் எந்தத் திகதியில் எந்தக் காரணத்துக்காகத் திருப்பப்பட்டது, இப்போது யாரிடம் இருக்கிறது. கொடுத்ததற்கு ஏற்புத்துண்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேல் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. நான் பார்த்த அளவில் பல கோப்புகள் இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அசைந்தன. நீங்கள் கொழும்பில் இருந்தபடியே பதிவுத் தபாலில் அனுப்பலாம், லீவு போட வேண்டியதில்லை.

தோட்ட நிர்வாகம் கடிதமே தர மறுத்தால் நான் சொன்ன வழி பாதியில் நின்றுவிடும். அப்போது தொழில் அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிட வேண்டும். பழைய செக்ரோல்கள் நனைந்தோ செல்லரித்தோ போய்விட்டன என்று சொன்னாலும் அதுதான் வழி, அதற்குச் சட்ட ஆலோசனையும் தேவைப்படும். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்கள் நீதிமன்றங்களை அண்டி இருக்கின்றன. அங்கே போவதற்கு முன் தோட்டத்துக்கு எழுதிய கடிதத்தின் பிரதியும் பதிவுத் தபால் துண்டும் கையில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம்: தாமதமானதால் ஈ.பி.எப். பணம் பறிபோகாது, கணக்கில் இருக்கும்வரை வட்டி சேரும். அவசரத்தில் பிழையான காகிதத்தைத் திருத்திவிடாதீர்கள் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம், ஆனால் உங்கள் கடிதத்தில் அவற்றைக் காணாததால் சொல்கிறேன். ஈ.ரி.எப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) என்று தொழில்தருநர் மட்டும் 3 சதவீதம் கட்டுகிற நிதி தனியாக இருக்கிறது, ஈ.பி.எப். விண்ணப்பத்தோடு அது தானாக வராது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மற்றது சேவைக்காலப் பணம், கிராஜுவிட்டி. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி ஐந்து வருஷம் பூர்த்தியாக்கிய நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பள விகிதத்தில். நாள் சம்பளம் 1350 ரூபா என்று வைத்தால் 30 வருஷத்துக்கு மட்டும் 567,000 ரூபா வருகிறது. இதை வேலை விட்டு 30 நாட்களுக்குள் தோட்டம் நேரடியாகக் கொடுக்க வேண்டும். தாமதித்தால் தாமதத்துக்கு ஏற்ப 10 முதல் 30 சதவீதம் வரை மேலதிகமும் சேரும். இதற்கும் ஈ.பி.எப். பெயர்ச் சிக்கலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கொழும்பில் எந்தக் கம்ப்யூட்டரும் ஏற்கத் தேவையில்லை. "ஈ.பி.எப். சரியானதும் பார்ப்போம்" என்று காரியாலயத்தில் சொல்லியிருந்தால் அதை ஏற்காதீர்கள், இந்தக் கிழமையே எழுத்தில் கேளுங்கள்.

திரும்பி வந்த விண்ணப்பத்தில் இருக்கிற குறிப்பை அப்படியே இங்கே எழுதுங்கள், அல்லது படம் எடுத்துப் போடுங்கள். போடுமுன் ஐ.சி. இலக்கத்தையும் அங்கத்துவ இலக்கத்தையும் மறைத்துவிடுங்கள், தரகர்களும் இதை வாசிக்கிறார்கள். குறிப்பைப் பார்த்தால் தோட்டத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை நானே வரைந்து தருகிறேன்.